எல்லைக் கோட்டில் பத்தாம் வகுப்பு

பாறசாலை, நெய்யாற்றின்கரை கிராமங்களில் பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகளுக்கு விழா உண்டு, பரிசு உண்டு, தாங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர்களும் உண்டு. விழா முடிந்த மறுநாள் எந்தப் பக்கம் போவது என்பதில்தான் சிக்கல்.

மார்ச் மாதக் கடைசியில், எஸ்.எஸ்.எல்.சி. தேர்வின் இறுதித் தாள் முடியும் பிற்பகலில், பாறசாலை வட்டாரத்துச் சாலைகளில் ஒரு கூட்டத்தைத் தவறாமல் பார்க்கலாம். வெள்ளைச் சட்டை முழுக்க நண்பர்களின் கையெழுத்து. முதுகில் ஒரு கிண்டல், காலரில் ஒரு பட்டப்பெயர், பாக்கெட்டுக்கு மேல் ஒரு இதயம். சட்டையை அம்மா துவைத்துவிடக் கூடாது என்ற கவலை வேறு. மாணவியர் இந்த ஆட்டத்தில் சேர்வது குறைவு. அவர்களுக்கு ஆட்டோகிராப் நோட்டு இருக்கிறது. செல்போன் வந்த பிறகும் அந்த நோட்டு சாகவில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வரும் ரயில் பாதையில் கேரளத்தின் கடைசி நிலையம் பாறசாலை. சாலை வழியே வந்தால் இஞ்சிவிளையைத் தாண்டியதும் களியக்காவிளை, அது தமிழ்நாடு. வெள்ளறடைப் பக்கம் போனால் பனச்சமூட்டுச் சந்தையில் எந்தக் கடை எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பது வெளியூர்க்காரருக்கு விளங்காது. இரு பக்கத்து மக்களும் பள்ளிக்கூடத்தைப் பள்ளிக்கூடம் என்றும், பரீட்சையைப் பரீட்சை என்றுமே சொல்கிறார்கள். தென் திருவிதாங்கூர்ப் பழக்கத்தில் ஆசிரியைகூட 'ஸார்'தான். ஆசிரியர்களை ஸார், மேடம் என்று அழைக்காமல் 'டீச்சர்' என்றே அழைக்க வேண்டும் என்று கேரளக் குழந்தைகள் உரிமை ஆணையம் 2023 ஜனவரியில் சொல்லிப் பார்த்தது. நாக்கு அவ்வளவு சீக்கிரம் ஆணைக்குக் கட்டுப்படுமா, என்ன?

பிரிவு விழாவைக் கேரளத்தில் 'செண்ட் ஆஃப்' என்பார்கள். ஒரே நிறத்தில் சட்டை, ஒரே நிறத்தில் சேலை, குழுப் புகைப்படம், கண்ணீர் எல்லாம் இதில் அடக்கம். சமீப ஆண்டுகளில் இதன் மீது ஒரு நிழல் விழுந்திருக்கிறது. 2025 பிப்ரவரி இறுதியில் கோழிக்கோடு மாவட்டம் தாமரசேரியில், டியூஷன் மையம் ஒன்றின் பிரிவு விழாவையொட்டி எழுந்த தகராறு, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் உயிரைக் குடித்தது. அந்த ஆண்டு தேர்வின் கடைசி நாளில் கொண்டாட்டங்களுக்குக் கல்வித் துறை கடிவாளம் போட்டது. தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் நேராக வீடு போய்ச் சேர வேண்டும் என்பதே உத்தரவின் சாரம். விழா எடுக்க வேண்டிய நாளில் பள்ளி வாசலில் போலீஸ் நின்றால், ஒழுங்காகப் படித்த பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் அது தண்டனையாகிறது.

ஆனால் உண்மையான கொண்டாட்டம் மார்ச்சில் அல்ல, மே மாதத்தில் நடக்கிறது. முடிவுகள் வெளிவந்த ஓரிரு நாளில் சந்திக்குச் சந்தி பலகைகள் எழும். எல்லாப் பாடங்களிலும் ஏ பிளஸ் வாங்கிய பிள்ளைகளின் முகங்கள், மேலே 'அனுமோதனங்கள்' என்ற எழுத்து, கீழே வாழ்த்துபவர்களின் படங்கள். சில பலகைகளில் வாழ்த்துபவரின் படம் பிள்ளையின் படத்தைவிடப் பெரிது. வார்டு உறுப்பினர், கூட்டுறவு வங்கி, வாசகசாலை, கிளப், சர்ச், கரயோகம், எஸ்.என்.டி.பி. கிளை என்று ஆளுக்கொரு பாராட்டு விழா. நன்றாகத் தேறிய மாணவி ஒருத்தி ஜூன் மாதத்துக்குள் நான்கைந்து கேடயங்களாவது வாங்கிவிடுவாள். வாசகசாலைகள் கொடுக்கும் புத்தகங்கள்தான் இவற்றில் உருப்படியான பரிசு.

இந்தப் பாராட்டு மழைக்கு ஒரு பின்னணி உண்டு. ஒரு காலத்தில் கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. என்பது ஒரு கண்டம். 600க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. அந்த 210ஐத் தாண்டாமல் போனவர்களே ஏராளம். மாநிலத்தில் முதல் ரேங்க் வாங்கியவரின் வீட்டு வாசலில் பத்திரிகைக்காரர்கள் குவிவார்கள். அந்த ரேங்க் முறையும் போயிற்று. 2005ல் மதிப்பெண்ணும் போய், ஏ பிளஸ் முதல் ஈ வரை ஒன்பது படிநிலைகள் கொண்ட கிரேடு முறை வந்தது. ஒவ்வொரு பாடத்திலும் டி பிளஸ் எடுத்தால் மேற்படிப்புக்குத் தகுதி. தேர்ச்சி விகிதம் ஏறிக்கொண்டே போய் 2023ல் 99.70 சதவீதத்தைத் தொட்டது; 2024ல் 99.69, 2025ல் 99.5. தேர்வு எழுதியவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். 2025ல் முழு ஏ பிளஸ் வாங்கியவர்கள் மட்டும் 61,449 பேர்.

எல்லோரும் தேறும் பரீட்சையில் என்ன பெருமை என்று களியக்காவிளைப் பக்கத்தில் கேலி பேசுவார்கள். தமிழ்நாட்டில் 2025 பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 93.80 சதவீதம். கேலியில் ஓரளவு நியாயம் இருப்பதைக் கேரள அரசே ஒப்புக்கொண்டது எனலாம்: எழுத்துத் தேர்வில் ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது 30 சதவீதம் எடுத்தாக வேண்டும் என்ற விதியை 2024-25ல் எட்டாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாகப் பத்தாம் வகுப்புக்குக் கொண்டுபோக முடிவு செய்தது. ஆனால் கேலி பேசுகிறவர்கள் மறந்துவிடும் விஷயம் ஒன்று இருக்கிறது. பத்தாம் வகுப்பில் தோற்று, பதினாறு வயதில் படிப்பை விட்டு, செங்கல் சூளைக்கோ ரப்பர்த் தோட்டத்துக்கோ கட்டட வேலைக்கோ போன ஒரு முழுத் தலைமுறையின் பிள்ளைகள் இவர்கள். அந்த வீடுகளில் ஒரு டி பிளஸ்சுக்குக்கூடப் பாயசம் வைக்கிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது.

காரணத்தைத் தேடிப் போனால் ஊரூட்டம்பலத்துக்குப் போக வேண்டும். இன்று காட்டாக்கடை தாலூகாவில் இருக்கும் இந்த ஊர், அன்று நெய்யாற்றின்கரையைச் சேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில், புலையர் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று திருவிதாங்கூர் அரசு ஆணையிட்டும் எந்தப் பள்ளியும் கதவைத் திறக்கவில்லை. வெங்ஙானூரில் 1863ல் பிறந்த அய்யன்காளி, பஞ்சமி என்ற சிறுமியின் கையைப் பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்று பெஞ்சில் உட்கார வைத்தார். மேல்சாதியினர் பள்ளியையே எரித்தார்கள். கலவரம் சுற்று வட்டாரம் முழுவதும் பரவியது. தீயில் பாதி கருகிய பெஞ்சு ஒன்று இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரையும் 2022ல் கேரள அரசு சூட்டியது.

1937 ஜனவரியில் காந்தி வெங்ஙானூருக்கு வந்தபோது, தாம் கண்மூடும் முன் தம் மக்களில் பத்து பி.ஏ.க்காரர்களையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையை அய்யன்காளி தெரிவித்தார். பத்தே பத்து. 1941ல் அவர் மறைந்தார். அவர் ஊரைச் சுற்றியுள்ள பள்ளிகளில் இன்று ஒவ்வொரு மே மாதமும் எழும் பலகைகளில் அந்த மக்களின் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். பலகையின் அழகைப் பற்றிக் குறை சொல்லுமுன் இதை நினைத்துக் கொள்வது நல்லது.

இந்தத் தாலூகாவின் பள்ளிக்கூடச் சரித்திரமே நீளமானது. பாறசாலை, லண்டன் மிஷன் சங்கத்தின் தென் திருவிதாங்கூர் நிலையங்களில் ஒன்று. மைலாடியிலும் நாகர்கோவிலிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முளைத்த பள்ளிக்கூடங்களின் கிளைகள் இங்கேயும் படர்ந்தன. நெய்யாற்றங்கரையில் உள்ள அருவிப்புரத்தில் 1888ல் சிவலிங்கம் நிறுவிய ஸ்ரீநாராயண குரு, பிற்காலத்தில் கோயிலைவிடப் பள்ளிக்கூடமே முக்கியம் என்று சொன்னவர். மருத்துவாழ் மலையில் தவமிருந்த அவர் தமிழிலும் பதிகங்கள் பாடியிருக்கிறார். அவர் காலத்தில் மருத்துவாழ் மலையும் அருவிப்புரமும் ஒரே சமஸ்தானம். 1910ல் 'சுதேசாபிமானி' ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையைத் திருவிதாங்கூர் நாடு கடத்தியபோது, நெய்யாற்றின்கரையில் பிறந்த அவரைத் திருநெல்வேலிச் சீமைக்குத்தான் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. அன்றைய எல்லை ஆரல்வாய்மொழியில் இருந்தது. களியக்காவிளையில் எல்லை என்றால் அவர் சிரித்திருப்பார்.

தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் விதத்தில் இரண்டு மாநிலங்களும் நன்றாகவே வேறுபடுகின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'எஸ்.பி.எல்.' என்பது பெரும்பாலும் தலைமை ஆசிரியரின் தேர்வு. நன்றாகப் படிப்பவன், உரத்த குரல் உள்ளவன், காலை வணக்கக் கூட்டத்தில் 'அட்டென்ஷன்' சொல்லத் தெரிந்தவன். கேரளத்தில் அது தேர்தல். பள்ளிப் பார்லிமென்டுக்கு வகுப்புக்கு ஒருவரை ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறார்கள். வேட்புமனு, பரிசீலனை, வாபஸ், சின்னம், விரலில் மை எல்லாம் உண்டு. பல பள்ளிகளில் இப்போது மடிக்கணினியும் செல்போனுமே மின்னணு வாக்குப்பதிவு எந்திரமாக மாறிவிட்டன. 'பீப்' சத்தம் வரை அசல்தான். வகுப்புப் பிரதிநிதிகள் கூடித் தலைவர், செயலாளர், கலை, விளையாட்டு, இலக்கியப் பொறுப்பாளர்களைத் தேர்வு செய்கிறார்கள்.

இது வெறும் விளையாட்டல்ல. 1957ல் தோன்றிய கே.எஸ்.யு.வும், 1970ல் திருவனந்தபுரத்தில் பிறந்த எஸ்.எஃப்.ஐ.யும் கேரள அரசியலுக்குத் தலைவர்களை வார்த்துக் கொடுத்த உலைக்களங்கள். 'சமர' நாட்களில் பாடம் போவதாகப் பெற்றோர் அலுத்துக் கொண்டதும், வளாக அரசியலுக்கு எதிராக நீதிமன்றம் பலமுறை பேசியதும் பழைய கதை. 2020 பிப்ரவரியிலும் கல்வி நிலையங்களில் வேலைநிறுத்தம், முற்றுகை கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில், பாலசங்கம், எஸ்.எஃப்.ஐ. வழியாக வளர்ந்த ஆர்யா ராஜேந்திரன் 21 வயதில் திருவனந்தபுரம் மேயரானார். பாறசாலையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் நகரம் அது. அந்த வாரத்தில் எல்லைக் கிராமத்துப் பள்ளி மாணவியர் ஒவ்வொருவருக்கும் அது ஒரு செய்திதான். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று 2009லேயே சட்டம் செய்த மாநிலத்தில், 'சேச்சி லீடர்' என்பது விசித்திரமாகத் தோன்றுவதில்லை.

தேர்தல் அரசியலைத் தவிர வேறு வகைத் தலைமையும் வளர்ந்திருக்கிறது. 2010ல் கேரளம் தொடங்கிய மாணவர் காவல் படை, காக்கிச் சீருடையும் காலைப் பயிற்சியுமாக இன்று பள்ளிகளில் பெரிய கவுரவம். 2018ல் மத்திய அரசு அதை நாடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு 'லிட்டில் கைட்ஸ்' என்ற கணினிக் குழுக்கள் வந்தன. பள்ளித் தேர்தலுக்கு மென்பொருளைப் பொருத்தித் தருவதும் அநேகமாக இவர்கள்தான். இந்தக் குழுக்களில் இருந்தவர்களுக்குப் பிளஸ் ஒன் சேர்க்கையில் கூடுதல் புள்ளியும் கிடைக்கிறது.

தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை. 2024 நவம்பரில் அரசுப் பள்ளிகளில் 'மகிழ் முற்றம்' அமைப்பைத் தொடங்கி, மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாகப் பிரித்தது. தொல்காப்பியர் காலத்துத் திணைகள் விளையாட்டு மைதானத்துக்கு வந்துவிட்டன. பெயர் வைப்பதில் தமிழ்நாட்டை யாரும் மிஞ்ச முடியாது. ஓட்டுப் போடச் சொல்லிக் கொடுப்பதில் கேரளம் முந்திவிட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே ஒரு கேள்வியைச் சுற்றித்தான் வருகிறது: இந்தப் பிள்ளைகளில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் நிலை என்ன?

1940களின் பிற்பகுதியிலும் 50களிலும் மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட ஒன்பது தாலூகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, தேவிகுளம், பீருமேடு, சித்தூர் ஆகியவை மற்றவை. 1954 ஆகஸ்ட் 11ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. பட்டம் தாணு பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அமைச்சரவை ராஜினாமா செய்ய வேண்டும் என்று அவருடைய கட்சியின் பொதுச் செயலாளரான ராம் மனோகர் லோகியாவே கேட்டது அப்போதுதான். மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955ல் தன் அறிக்கையைக் கொடுத்தது. 1956 நவம்பர் 1ல் நான்கு தென் தாலூகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. விளவங்கோட்டில் மலையாளம் பேசுவோரும் நெய்யாற்றின்கரையில் தமிழ் பேசுவோரும் ஒரே இரவில் சிறுபான்மையினர் ஆனார்கள்.

சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு சொல்கிறது. 1956ல் ஏழாவது திருத்தம் சேர்த்த பிரிவு இது. கேரளம் இதை முற்றாக மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாள்கள் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் என நான்கு மொழிகளில் வருகின்றன. தமிழ் வழிப் பாடநூல்களை மாநிலக் கல்வி ஆராய்ச்சி நிறுவனமே தயாரிக்கிறது. மாநிலப் பள்ளிக் கலைவிழாவில் தமிழ்ச் செய்யுள் ஒப்புவிக்கும் போட்டி இருக்கிறது. ஆனால் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு எழுதுவோர் மாநிலம் முழுவதும் சுமார் 2 ஆயிரம் பேர்தான். அவர்களிலும் பெரும்பாலோர் இடுக்கித் தேயிலைத் தோட்டங்களையும் பாலக்காட்டு எல்லையையும் சேர்ந்தவர்கள். தலைநகரில் சாலைப் பகுதியில் ஓர் அரசுத் தமிழ்ப் பள்ளி உண்டு, ஆ. மாதவனின் கதைகளில் வரும் அதே சாலைத் தெரு. நெய்யாற்றின்கரைக் கிராமங்களில் தமிழ் பெரும்பாலும் அடுப்படியிலும் சந்தையிலும் சர்ச் பாட்டுப் புத்தகத்திலும் வாழும் மொழி. கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2001 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 6 லட்சம் பேர். 2011ல் 5 லட்சம். பத்தாண்டுகளில் காணாமல் போன லட்சத்தில் ஊரை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர், மொழியை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்பதைக் கணக்கெடுப்பு சொல்லாது.

சட்டங்களோ ஒன்றையொன்று கண்ணாடியில் பார்த்துக் கொள்வது போல இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2006ன் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்து தமிழைக் கட்டாயமாக்கியது. அந்த முதல் அணி 2016ல் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது, குமரி மாவட்ட மலையாளப் பள்ளிகள் உட்பட மொழிச் சிறுபான்மையினர் கலங்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றத்திலும் பின்னர் உச்ச நீதிமன்றத்திலும் விலக்கு வாங்க வேண்டியிருந்தது. கேரளத்தில் 2017ன் மலையாள மொழிக் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கியது. இங்கே காசர்கோட்டுக் கன்னடர்கள் தெருவுக்கு வந்தார்கள். களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் தமிழ்க் குழந்தைக்கு உள்ள அதே கவலை, அந்தப் பக்கம் மலையாளக் குழந்தைக்கு. இரு வீடுகளுக்கும் இடையே தூரம் சில சமயம் ஒரு வாய்க்கால்தான்.

இந்தச் சண்டையில் லாபம் யாருக்கு என்றால், ஆங்கிலத்துக்கு. கேரளத்தில் இப்போது மலையாள வழியில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதுவோரைவிட ஆங்கில வழியில் எழுதுவோர் அதிகம். தாய்மொழிக்கு யார் காவல் என்று இரண்டு அரசுகளும் சட்டம் போட்டுக்கொண்டிருக்கும்போது, பிள்ளைகள் மஞ்சள் வேனில் ஏறி வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள்.

எல்லையின் அபத்தம் மிக வெளிச்சமாகத் தெரிந்தது 2020ல். அந்த ஆண்டு மார்ச் 10ல் கேரளத்தில் தேர்வு தொடங்கியது. கொரோனா பரவவே, மார்ச் 20ல் பாக்கித் தாள்கள் தள்ளி வைக்கப்பட்டன. சட்டையில் கையெழுத்து வாங்காமல், குழுப் புகைப்படம் எடுக்காமல், பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்தார்கள். சந்தைக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தினமும் தாண்டிய எல்லையில் தடுப்புகள் முளைத்தன. மே 26லிருந்து மூன்று நாட்களில், கணிதம், இயற்பியல், வேதியியல் தாள்களைக் கேரளம் நடத்தியே முடித்தது. முகக்கவசம், உடல் வெப்பப் பரிசோதனை, கைகழுவ சோப்பு, அண்டை மாநிலத்திலிருந்து வந்தவர்களுக்குத் தனி ஏற்பாடு. ஜூன் 30ல் முடிவு வந்தது: 98.82 சதவீதம். தமிழ்நாட்டில் ஜூன் 9ல் தேர்வே ரத்து, எல்லோரும் தேர்ச்சி. ஒரே தோட்டத்தில் கிரிக்கெட் ஆடிய இரண்டு பையன்களில் ஒருவன் முகக்கவசத்தோடு வேதியியல் எழுதினான், மற்றவன் டி.வி.யில் முதல்வர் பேசுவதைக் கேட்டுப் பத்தாம் வகுப்பு தேறினான். 2021லும் இதே கதை. கேரளம் ஏப்ரலில் தேர்வு நடத்தியது, தமிழ்நாடு நடத்தவில்லை. அந்த ஆண்டு கேரளத்தில் முழு ஏ பிளஸ் வாங்கியவர்கள் 1,21,318 பேர். கலைவிழாவும் விளையாட்டும் நின்று போனதால் கருணை மதிப்பெண் கிடையாது என்றாகியும் இத்தனை பேர். பாராட்டு விழா நடத்த மண்டபம் திறந்திருக்கவில்லை. பரிசுகள் வீட்டு வாசலிலேயே கொடுக்கப்பட்டன.

விழா முடிந்த பிறகு வரும் ஜூன் மாதம்தான் எல்லைப் பிள்ளையின் நிஜமான தேர்வு. கேரளத்தில் பிளஸ் ஒன் சேர்க்கை 'ஏகஜாலகம்' என்ற ஒற்றைச் சாளர முறையில் நடக்கிறது. படித்த பள்ளி, சொந்தப் பஞ்சாயத்து, சொந்தத் தாலூகா என்று கூடுதல் புள்ளிகள் உண்டு. வீடு களியக்காவிளைக்கு அப்பால் இருந்தால் பஞ்சாயத்துப் புள்ளி கிடையாது. சரி, மார்த்தாண்டத்துக்குப் போய்ப் பிளஸ் ஒன் சேரலாம் என்றால் பாடத்திட்டம் வேறு. தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத தமிழ்ப் பிள்ளைக்கு அங்கே மொழிப் பாடமே மலை. குமரிக்காரர் காரகோணத்துக்கு மருத்துவமனை தேடி வருகிறார். எவரெஸ்ட் ஏறப் போய், பின் நெய்யூரில் டாக்டராகத் தங்கிவிட்ட சாமர்வெல்லின் பெயரில் அங்கே மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. நோய்க்கு எல்லை கிடையாது. படிப்புக்கு உண்டு.

பிளஸ் டூவுக்குப் பிறகு சிக்கல் இன்னும் இறுகுகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் என்று 2020ல் தமிழ்நாடு சட்டம் செய்தது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2022ல் தொடங்கிய புதுமைப்பெண், 2024ல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் அத்தகைய நிபந்தனையோடுதான். பாறசாலையில் அரசுப் பள்ளியில் படித்த தமிழ்ப் பெண் இதில் எதற்கும் உரியவள் அல்ல. கேரளத்திலோ, பத்தாம் வகுப்பு வரை மலையாளம் படிக்காதவர் அரசு வேலையில் சேர்ந்தால் மலையாளத் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2022ல் அமைச்சரவை முடிவு செய்தது. ஆகவே பெற்றோர் கணக்குப் போடுகிறார்கள். கேரளத்தில் வாழப் போகிற பிள்ளைக்குத் தமிழ் எதற்கு? கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அப்படிச் சரியாகக் கணக்குப் போட்டுத்தான் ஒரு மொழி வகுப்பறையை விட்டு வெளியேறுகிறது.

சாதிச் சான்றிதழ் இன்னொரு தலைவலி. எல்லைக்கு இரு பக்கமும் பரவிக் கிடக்கும் நாடார் சமூகத்துக்குத் தமிழ்நாட்டில் பிற்பட்டோர் பட்டியலில் இடம் இருக்கிறது. கேரளத்தில் இந்து நாடாருக்கு ஒரு பங்கு, எஸ்.ஐ.யு.சி. நாடாருக்கு ஒரு பங்கு என்று பிரிவு வேறு. 1908ல் உருவான தென்னிந்திய ஐக்கிய திருச்சபையின் பெயரை இன்று சபையில்கூட அதிகம் பேர் உச்சரிப்பதில்லை. கிராம அலுவலகத்தில் மட்டும் அது உயிரோடு இருக்கிறது. மற்றக் கிறிஸ்தவ நாடார்களையும் பட்டியலில் சேர்க்க 2021ன் தொடக்கத்தில் கேரள அரசு எடுத்த முடிவை அந்த ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. பள்ளித் தேர்தலில் ஜெயித்துக் கலைவிழாவை நடத்திக் காட்டிய பிள்ளைக்கு, கிராம அலுவலகத்தின் மர பெஞ்சில் அப்பாவோடு காத்திருக்கும்போதுதான் தன் பாட்டனார் எந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றார் என்பது தெரிய வருகிறது.

எல்லையைத் தாண்டிச் சாதித்தவர்களும் உண்டு. சாந்திநிகேதனில் மாணவராக இருந்தபோதே 1924ல் காந்தியிடம் கலையைப் பற்றிக் கேள்விகள் கேட்டு விவாதித்த ஜி. ராமச்சந்திரன், தம் மனைவி டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து காந்திகிராமத்தை உருவாக்கியது மதுரைச் சீமையில். அவருடைய கடைசிக் காலம் கழிந்தது நெய்யாற்றின்கரையில்; 1995ல் மறைந்தார். 'மனோன்மணீயம்' சுந்தரம் பிள்ளை தத்துவம் கற்பித்த திருவனந்தபுரத்துக் கல்லூரி இன்று யுனிவர்சிட்டி காலேஜ். அங்கே தமிழ் இலக்கியம் படிக்கலாம். காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்துத் தமிழ்த் துறையும் இருக்கிறது. பாறசாலையிலிருந்து காலை ரயிலைப் பிடித்தால் போதும். ஆனால் பட்டப் படிப்பில் தமிழ் எடுக்கப் பத்தாம் வகுப்பில் தமிழ் படித்த பிள்ளை வேண்டுமே.

பள்ளி திறக்கும் ஜூன் முதல் வாரத்தில் 'பிரவேசனோற்சவம்' என்று முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு வரவேற்பு விழா எடுப்பது கேரள வழக்கம். பலூன், காகிதத் தொப்பி, மிட்டாய், பாட்டு. சில பள்ளிகளில் அன்று வாசலில் நின்று குழந்தைகளின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் செல்பவர்கள் மூத்த வகுப்பு மாணவர்கள். அதே வாரத்தில், அதே அலுவலகத்தின் ஜன்னலுக்கு வெளியே, முந்தைய ஆண்டின் பத்தாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழுக்காக வரிசையில் நிற்கிறது. எந்தப் பள்ளிக்குப் போகிறாய் என்று குமாஸ்தா கேட்கிறார். சிலர் நெய்யாற்றின்கரை என்கிறார்கள், சிலர் மார்த்தாண்டம் என்கிறார்கள். பாக்கிப் பேர், ஏகஜாலகத்தில் அடுத்த பட்டியல் வரட்டும் என்கிறார்கள்.